ஈய அங்கி

ஓல்டன் ஸ்டேஷனுக்கு எதிரே
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பல் மருத்துவமனை.
கடைவாயில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று
ரேகுலா என்கிற உதவிப்பெண்
கழுத்திலிருந்து இடுப்புவரை
ஈய அங்கியைப் போர்த்திவிட்டு
கதவுக்கு வெளியே போனாள்.
ஆறு கிலோவாவது இருக்கும்.

முப்பத்தொன்பது வயதில்
முதல்முறையாக என் தோல் வாயை மூடியது.

முடிந்தது என்று எடுக்க வந்தவளிடம்
இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.
ஜெர்மனில் அதை எப்படிச் சொன்னேனோ.
அவள் ஏன் என்று கேட்கவில்லை,
கண்ணைத் துடைக்க ஒரு டிஷ்யூ தந்தாள்.

*

வாங்குகிற ஒவ்வொரு சட்டையிலும்
கழுத்து லேபிளை வெட்டிவிடுகிறவள் நான்.
கூறைச்சேலையின் சரிகை
மூன்று மணிநேரம் விலாவை அறுத்ததை
தாலி கட்டிய படத்தில் இன்றும் பார்க்கலாம்.
எல்லோரும் வெட்கம் என்றார்கள்.

அன்றிரவு தயாபரன்
விரல் நுனியால் என் முழங்கையிலிருந்து மேலே
ஒரு கோடு இழுத்தான்.
மெல்ல. அவ்வளவு மெல்ல.
மயிர்க்கொட்டி ஊர்ந்த மாதிரி.
உதறினேன்.
கைதான் உதறியது, நான் இல்லை.
இதை எந்த மொழியில் சொல்வது
புதுமாப்பிள்ளைக்கு?

பதினான்கு வருஷம் அந்த உதறல்
எங்கள் கட்டிலின் நடுவே படுத்துக் கிடந்தது.
இன்னும் மென்மையாகத் தொட்டால்
பிடிக்கும் என்று நினைத்தான் பாவி.
வருஷத்துக்கு வருஷம் மென்மையானான்.
இறகானான். வெறும் மூச்சானான்.
நான் பல்லைக் கடித்தேன்.
(அப்படித்தான் கடைவாய் வெடித்தது.
"இரவில் எதையாவது கடிக்கிறீர்களா?"
என்று டாக்டர் கேட்டார்.)

அவன் உடம்பு வேறு கதை.
ஹோட்டல் சமையலறையில்
விரலை வெட்டிக்கொண்டதை
கோவாவில் சிவப்பைக் கண்டுதான் அறிவான்.
என் கை அவன் முதுகில் கிடக்கும்,
"எங்கே உன் கை?" என்பான் இருட்டில்.
நான் எப்படி அழுத்துவேன்?
அழுத்தினால் அலைகிறவள் என்று
நினைத்துவிடுவானோ என்று
எனக்கும் ஒரு மென்மை இருந்தது.

*

படம் எடுத்த அன்று பன்னிரண்டரைக்கு வந்தான்.
குளித்துவிட்டு, வழக்கம்போல
ஒரு முழம் இடைவெளி விட்டு ஓரத்தில் படுத்தான்.
"மேலே படு" என்றேன்.
"என்ன?"
"முழுப் பாரத்தோடும். அசையாமல்.
அரிசி மூட்டையை இறக்குகிற மாதிரி."
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும்
விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு அணைத்தான்.

எழுபத்தெட்டு கிலோ.
மூச்சு கொஞ்சம் முட்டியது.
தோல் வாயை மூடியது.

அவன் முதுகை
ரொட்டிக்கு மா பிசைவதுபோலப் பிசைந்தேன், நகம் பதிய.
"ஆ," என்றான்,
"இங்கேதான் இருக்கிறாயா?"

மிச்சத்தை எழுதப்போவதில்லை.
இடையில் ஒருமுறை நிறுத்தினோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.
தாடி. கழுத்து. வேண்டாம்.
அன்றைக்கு அந்த வேண்டாம்
ஓர் இடத்தின் பெயராக இருந்தது,
அவனுடைய பெயராக இல்லை.

*

எல்லாம் தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.
ஜனவரியில் ஹீட்டர் காற்றும் கம்பளிச் சட்டையும் சேர்ந்தால்
உடம்பு முழுக்க ஒரே வேண்டாம்தான்.
அப்போது இரண்டு போர்வை, இரண்டு உறக்கம்.
சில இரவு அவனுக்குக் கோபம் வரும்.
எனக்கும்.
ஒரு இரவு பாதியில் எழுந்துபோய்
முட்டை பொரித்துத் தின்றோம்.

போன வாரம் மறுபடி படம்.
ரேகுலா நினைவு வைத்திருந்தாள்.
எடுத்து முடிந்த பிறகும்
அங்கியைத் தொடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
சூரிச் ரயில் கடந்து முடியும்வரை
சும்மா நின்றாள்,
கையுறையைக் கழற்றியபடி.